மாமல்லபுரம் சுற்றுலா

மாமல்லபுரம் சுற்றுலா என்பது, தமிழ்நாட்டின் செங்கல்பட்டு மாவட்டத்தில் வங்காள விரிகுடாக் கரையில் அமைந்துள்ள மாமல்லபுரம் என்னும் ஊருக்கு மேற்கொள்ளப்படும் பயணத்தையும், அங்குள்ள காணத்தக்க இடங்களையும், பயணிகள் அறிந்திருக்க வேண்டிய செய்திகளையும் குறிக்கும். சென்னையிலிருந்து தெற்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இவ்வூர் மகாபலிபுரம் எனவும் அழைக்கப்படுகின்றது. இங்குள்ள பல்லவர் காலச் சின்னங்களின் தொகுதியை 1984ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் உலக பாரம்பரியக் களமாக அறிவித்தது. கடற்கரையும் சிற்பங்களும் ஒரே இடத்தில் அமைந்துள்ளதால் தமிழ்நாட்டில் மிகுதியான வெளிநாட்டுப் பயணிகள் வரும் ஊர்களுள் இது ஒன்றாக உள்ளது. இந்தியத் தொல்லியல் ஆய்வகத்தின் கட்டணச் சின்னங்களுள், 2021-22ஆம் ஆண்டில் தாஜ் மகாலைக் காட்டிலும் கூடுதலான வெளிநாட்டவர் (1,44,984 பேர்) மாமல்லபுரத்தையே பார்வையிட்டனர். நோய்ப்பரவல் காரணமாகப் பன்னாட்டுப் பயணம் சுருங்கியிருந்த ஆண்டு அது என்பதும் கருத்தில் கொள்ளத்தக்கது.

இங்கு வருவோரில் பெரும்பாலானோர் கடற்கரைக் கோயிலையும் ஐந்து இரதங்களையும் கண்டு, கடலில் கால் நனைத்து, அரை நாளில் திரும்பிவிடுகின்றனர். ஆனால் இவ்வூரின் சிறப்பு அவ்விரண்டு இடங்களோடு முடிவதன்று. ஊரின் நடுவே தெற்கு வடக்காக நீண்டு கிடக்கும் பாறைக் குன்று முழுவதும் ஒரு பெரிய கற்பணிக் களமாகும். குடைவரைகளும், புடைப்புச் சிற்பங்களும், தொடங்கிப் பாதியில் விடப்பட்ட வேலைகளும் அக்குன்றில் பரவிக் கிடக்கின்றன.

பெயரும் வரலாறும்

மாமல்லன் என்பது பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனின் (ஆட்சிக்காலம் ஏறத்தாழ 630-668) சிறப்புப் பெயராகும். அப்பெயராலேயே ஊர் மாமல்லபுரம் எனப்பட்டது என்பது பொதுவான கருத்து. வைணவ இலக்கியங்களில் இவ்வூர் கடல்மல்லை என்று குறிக்கப்படுகின்றது. ஆழ்வார்களுள் ஒருவரான பூதத்தாழ்வார் பிறந்த ஊர் இதுவே. திருமங்கையாழ்வார் இவ்வூரைப் பாடும்போது செல்வம் ஏற்றிய கலங்கள் நிற்கும் துறையாகவும் காட்டுகின்றார். ஐரோப்பிய மாலுமிகள் இதனை 'ஏழு கோபுரங்கள்' என்று அழைத்தனர். அவற்றுள் ஆறு கடலில் மூழ்கின என்னும் கதை இன்றும் வழங்குகின்றது.

இங்குள்ள சின்னங்கள் அனைத்தும் ஒரே மன்னன் காலத்தவையா, பல மன்னர் காலத்தவையா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. முதலாம் நரசிம்மவர்மன் தொடங்கி, பின்வந்தோர் தொடர்ந்து, இரண்டாம் நரசிம்மவர்மனாகிய இராசசிம்மன் (ஆட்சிக்காலம் ஏறத்தாழ 700-728) கடற்கரைக் கோயிலைக் கட்டினான் என்பது நெடுங்காலமாக ஏற்கப்பட்ட கருத்து. தருமராச இரதம், கணேச இரதம் முதலியவற்றில் காணப்படும் 'அத்யந்தகாமன்' போன்ற விருதுப் பெயர்களைக் கொண்டு, இவை யாவும் இராசசிம்மனின் படைப்புகளே என 1962இல் இரா. நாகசாமி வாதிட்டார். இவ்விவாதம் இன்னும் முடிவு பெறவில்லை.

கல்கி எழுதிய சிவகாமியின் சபதம் என்னும் புதினம் இவ்வூரைத் தமிழ் வாசகர் மனத்தில் நிலைநிறுத்தியது. அதில் வரும் ஆயனர், சிவகாமி ஆகியோர் கற்பனை மாந்தர்கள் ஆவர். குன்றின் குடைவரைகளைக் காட்டி அவர்களது பெயரால் கதை சொல்லப்படுவதுண்டு. அதனைக் கதையாகவே கொள்ள வேண்டும்.

செல்லும் வழி

மாமல்லபுரத்தில் தொடருந்து நிலையம் இல்லை. அருகிலுள்ள பெரிய நிலையம் செங்கல்பட்டு ஆகும். அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்துகள் செல்கின்றன. இத்தொலைவு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் பேருந்துகள் உள்ளன.

உத்திரமேரூர், மானாம்பதி முதலிய உள்நாட்டு ஊர்களிலிருந்து வருவோர்க்கும் செங்கல்பட்டு வழியே ஏற்றது. இவ்வூர்களும் மாமல்லபுரமும் 2019 நவம்பர் வரை ஒரே காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தவை. செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது கடற்கரைப் பகுதி அதனுடன் சென்றது. உத்திரமேரூர் வட்டம் காஞ்சிபுரத்திலேயே நின்றது. பள்ளிச் சுற்றுலாவாகவும், கோயில் பயணத்தின் இடையிலும், ஒரே நாளில் போய்த் திரும்பும் வகையில் இப்பகுதியினர் மாமல்லபுரம் வருவது வழக்கமாக உள்ளது.

காலமும் வெளிச்சமும்

டிசம்பர் முதல் பிப்ரவரி வரையான காலம் இங்கு வருவதற்கு மிக ஏற்றதாகும். அக்டோபர் முதல் டிசம்பர் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவமழையும் புயல்களும் இக்கரையைத் தாக்குகின்றன. ஏப்ரல், மே மாதங்களில் நண்பகலில் பாறையின் மேல் வெறுங்காலுடன் நிற்க இயலாது. குன்றின் மேற்பகுதியில் நிழல் குறைவாதலால் குடையும் தண்ணீரும் உடன் கொண்டுசெல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளிலும் காணும் பொங்கல் நாளிலும் கூட்டம் பெருகும். வார நாளின் காலைப்பொழுது ஒன்று கிடைத்தால் அதுவே நல்லது.

சின்னங்கள் எத்திசை நோக்கியவை என்பதை அறிந்து செல்வது பெரிதும் பயன்படும். அருச்சுனன் தபசு எனப்படும் பெரும்பாறைச் சிற்பம் கிழக்கு நோக்கியது. காலை வெயில் அதன்மேல் நேராக விழும்போது உருவங்கள் தெளிவாகத் தோன்றுகின்றன. நண்பகலுக்குப் பின் அது நிழலில் ஆழ்ந்துவிடும். மாறாக, ஐந்து இரதங்களுள் நான்கு மேற்கு நோக்கியவை. அவற்றின் முகப்பும் வாயிற்காவலர் சிற்பங்களும் பிற்பகல் வெயிலிலேயே விளங்கும். ஆகவே காலை 6 மணியளவில் கடற்கரைக் கோயில், பின்னர் அருச்சுனன் தபசு, வெயில் ஏறும்போது குன்றின் குடைவரைகள், மாலையில் ஐந்து இரதங்கள் என்னும் வரிசை பொருத்தமாகும். சுற்றுலாப் பேருந்துகள் பெரும்பாலும் இவ்வரிசையில் செல்வதில்லை. கடற்கரைக் கோயிலுக்கும் இரதங்களுக்கும் இடையே ஒன்றரைக் கிலோமீட்டர் அளவு தொலைவு உண்டு. நடந்தும், வாடகை மிதிவண்டியிலும், ஆட்டோவிலும் செல்லலாம்.

கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து இரதங்களுக்கும் ஒரே நுழைவுச்சீட்டு போதும். ஒன்றில் வாங்கிய சீட்டை எறிந்துவிட்டு மற்றொன்றில் மீண்டும் பணம் செலுத்துவோர் பலர். 15 வயதுக்கு உட்பட்டோருக்குக் கட்டணம் இல்லை. அருச்சுனன் தபசும் கிருஷ்ண மண்டபமும் சாலையோரத்திலேயே உள்ளன. அவற்றைக் காணக் கட்டணம் கிடையாது.

காணத்தக்கவை

அருச்சுனன் தபசு, 30 மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளமுள்ள இரு பாறைகளின் முகத்தில் செதுக்கப்பட்டது. ஒற்றைக் காலில் நின்று தவம் செய்பவன் அருச்சுனனா, கங்கையைக் கொணரத் தவம் இருந்த பகீரதனா என்பது தீராத விவாதம். இரு பாறைகளுக்கும் நடுவிலுள்ள பிளவில் நாகர்கள் மேலேறி வருவதாகக் காட்டப்பட்டுள்ளது. பிளவின் உச்சியில் நீர்த்தொட்டி இருந்ததற்கான அடையாளங்கள் உள்ளன. அங்கிருந்து நீரை விழச்செய்து ஓர் ஆறாகவே இது காட்டப்பட்டிருக்கலாம் எனக் கருதப்படுகின்றது. யானைகளின் காலடியில் நிற்கும் குட்டிகளும், தவசியைப் போலவே ஒற்றைக் காலில் கையுயர்த்தி நிற்கும் பூனையும், அதனை நம்பிச் சூழ்ந்துள்ள எலிகளும் இச்சிற்பத்தில் உள்ளன. பூனையைத் தேடிக் கண்டுபிடிப்பது சிறுவர்க்கு விருப்பமான வேலை. இச்சிற்பத்திற்குக் குறைந்தது அரை மணி நேரமாவது ஒதுக்க வேண்டும்.

இதே குன்றில், கலங்கரை விளக்கத்திற்குச் செல்லும் பக்கமாக, இதே கருப்பொருளில் தொடங்கிக் கைவிடப்பட்ட இன்னொரு சிற்பமும் உண்டு. அதனை நாடிச் செல்வோர் மிகச் சிலரே. முடிந்ததையும் முடியாததையும் அடுத்தடுத்துப் பார்த்தால், சிற்பி பாறையை எவ்வாறு அளந்தான், எங்கே முதலில் உளி வைத்தான் என்பது எந்த வழிகாட்டியும் சொல்லாமலே விளங்கும். குன்றின் பல இடங்களில் கட்டம் கட்டமாக வெட்டி நிறுத்தப்பட்ட பாறை முகங்களையும், ஆப்பு அடிப்பதற்காக இட்ட குழிகளின் வரிசைகளையும் காணலாம். அக்குழிகளில் சில பிற்காலத்தில் கல் எடுத்தவர்களுடையவையாக இருக்கக்கூடும்.

அருச்சுனன் தபசுக்கு அடுத்துள்ள கிருஷ்ண மண்டபத்தில் கோவர்த்தன மலையைத் தாங்கும் கண்ணனும் ஆயர்களும் செதுக்கப்பட்டுள்ளனர். பால் கறப்பவனும், கன்றை நக்கும் பசுவும் நன்கு அறியப்பட்டவை. சிற்பம் பல்லவருடையது, முன்னுள்ள தூண் மண்டபம் விசயநகரக் காலத்தில் சேர்க்கப்பட்டது.

குன்றின் மேலுள்ள மகிடாசுரமர்த்தினி குடைவரையில், ஒரு சுவரில் சிங்கத்தின் மீதமர்ந்து போரிடும் கொற்றவையும், எதிர்ச் சுவரில் அரவணையில் துயிலும் திருமாலும் உள்ளனர். ஒரு பக்கம் படை முன்னேறுகிறது. எருமைத் தலை அசுரன் பின்வாங்கிச் சாய்கிறான். மறு பக்கம் முழு அமைதி. இக்குடைவரைக்கு மேலே பாறையின் உச்சியில் உள்ள ஒலக்கண்ணேசுவரர் கோயில் 19ஆம் நூற்றாண்டில் கலங்கரை விளக்கமாகப் பயன்பட்டது. இப்போதைய விளக்குக் கோபுரம் அதன் அருகிலேயே பின்னர் எழுப்பப்பட்டதாகும். வராக மண்டபம், திரிமூர்த்தி மண்டபம், கணேச இரதம் ஆகியனவும் இக்குன்றிலேயே உள்ளன.

வெண்ணெய் உருண்டைக் கல் எனப்படும் பெரும்பாறை, வழுக்கும் சரிவில் சிறிய அடித்தளத்தில் நிற்பதாகும். இதன் எடை ஏறத்தாழ 250 டன் என மதிப்பிடப்படுகின்றது. இது மனிதர் செதுக்கியதன்று, இயற்கையாகவே அமைந்தது. 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரத்தில் சந்தித்தபோது இதன் முன் நின்று எடுத்துக்கொண்ட ஒளிப்படம் பரவியது. அதன் பின்னர் இவ்விடத்திற்கும் நுழைவுச்சீட்டு கொண்டுவரப்பட்டது.

ஐந்து இரதங்களுக்கும் மகாபாரதத்திற்கும் தொடர்பில்லை. பாண்டவர், திரௌபதி பெயர்கள் பிற்காலத்து வழக்கு. ஒவ்வொன்றும் தனிப்பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி எடுத்த கோயில் வடிவமாகும். திரௌபதி இரதம் கூரை வேய்ந்த குடிசை போன்றது. பீம இரதம் வண்டிக் கூடு போன்ற நீள் கூரை கொண்டது. நகுல சகாதேவ இரதத்தின் பின்புறம் யானையின் முதுகு போல வளைந்தது; அதனருகே ஒரு கல் யானையையும் நிறுத்தி வைத்துள்ளமை சிற்பியின் குறும்பு எனலாம். அடிப்பகுதிகள் முடிவுறாமல் இருப்பது, வேலை மேலிருந்து தொடங்கியது என்பதற்குச் சான்றாகும்.

கடற்கரைக் கோயில் இவற்றிலிருந்து வேறுபட்டது. இது பாறையைக் குடைந்ததன்று. வெட்டிய கற்களை அடுக்கிக் கட்டியது. இதில் இரண்டு சிவன் சன்னதிகளும், இடையே பள்ளிகொண்ட திருமாலின் சன்னதியும் உள்ளன. திருமால் உருவம் அங்கேயே கிடந்த பாறையில் செதுக்கப்பட்டதாகும். உப்புக் காற்றால் சிற்பங்களின் முகங்கள் பெரிதும் மழுங்கிவிட்டன. அரிப்பைத் தடுக்கக் கடற்பக்கம் கற்கள் கொட்டப்பட்டும், சவுக்கு மரங்கள் நடப்பட்டும் உள்ளன. கைபட்டாலும் தேய்மானம் கூடும் என்பதால் சிற்பங்களைத் தொடுவதும் அவற்றின்மேல் ஏறி அமர்வதும் தவிர்க்கப்பட வேண்டியவை.

இச்சின்னங்களைப் போலன்றி, அருச்சுனன் தபசுக்கு எதிரிலுள்ள தலசயனப் பெருமாள் கோயில் வழிபாட்டில் உள்ளது. இது 108 திவ்விய தேசங்களுள் ஒன்று.

கடல்

மாமல்லபுரக் கடற்கரை அழகியது. ஆனால் குளிப்பதற்கு ஏற்றதன்று. ஆண்டுதோறும் இக்கரையில் பயணிகள் மூழ்கி இறக்கின்றனர். காணும் பொங்கல் போன்ற நாட்களில் கடலில் இறங்கக் காவல்துறை தடை விதிப்பது வழக்கம்.

இக்கரையில் அலை உடையும் இடத்திலேயே தரை சட்டென்று ஆழமாகும். அலைகள் கொண்டுவந்து குவிக்கும் நீர் மீண்டும் கடலுக்குத் திரும்ப ஒரு வழி தேடுகின்றது. மணல் திட்டுகளுக்கு இடையே உள்ள தாழ்வான பகுதியில் அது ஓர் ஆற்றைப் போல விரைந்து கடலுக்குள் பாயும். அவ்விடத்தில் அலை அதிகம் உடையாது. ஆகவே மேலே பார்ப்பதற்கு அதுவே அமைதியான இடமாகத் தோன்றும். கடலை அறியாதவர் அங்கேயே இறங்குகின்றனர். ஏரியிலும் கிணற்றிலும் நீந்திப் பழகிய உள்நாட்டு இளைஞர்கள் இதில் சிக்குவது மிகுதி. உத்திரமேரூர் ஏரி போன்ற நிலைநீரில் பெற்ற நீச்சல் திறமை, ஓடும் கடல்நீரில் பயன்படாது. கரையை நோக்கி நேராக எதிர்நீச்சல் அடிப்பவர் சில நிமிடங்களில் களைத்துவிடுவர். இழுக்கப்பட்டவர் பதறாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, நீரோட்டத்தை விட்டு விலகிய பின்னரே கரை நோக்கித் திரும்ப வேண்டும். கரையில் நிற்பவர் கைகோத்துக் கடலுக்குள் செல்வது ஒருவர் இறப்பைப் பலர் இறப்பாக்கிவிடும். கயிறு, வெற்றுக் குடம், காற்றடைத்த வளையம் போன்ற எதையாவது எறிந்துவிட்டு மீனவரைக் கூப்பிடுவதே முறை. கடற்கரைக் கோயிலை அடுத்துக் கொட்டியுள்ள பாறைகளின் அருகே இறங்குவது இன்னும் ஆபத்தானது.

கடலில் குளிக்க விரும்புவோர்க்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோவளம் கடற்கரை பொருத்தமானது. அக்கரை 2021இல் பன்னாட்டு நீலக்கொடிச் சான்று பெற்றது. அங்கும் உயிர்காப்பாளர் குறித்துள்ள எல்லைக்குள்ளேயே இறங்க வேண்டும்.

2004 டிசம்பர் 26 அன்று ஏற்பட்ட ஆழிப்பேரலை மாமல்லபுரத்தையும் தாக்கியது. அலை வருமுன் கடல் வெகுதூரம் உள்வாங்கியபோது, பாறை வரிசைகள் வெளிப்பட்டதைக் கரையில் இருந்தோர் கண்டனர். கடற்கரைக் கோயில் பெரிய சேதமின்றித் தப்பியது. பேரலை மணலை அகற்றியதால், வடக்கே 5 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சாளுவன்குப்பத்தில் பாறைக் கல்வெட்டு ஒன்று வெளிப்பட்டது. அதனைத் தொடர்ந்து நடந்த அகழாய்வில் பழைய முருகன் கோயிலின் செங்கல் அடித்தளம் கண்டறியப்பட்டது. பயணிகள் சாளுவன்குப்பத்தில் புலிக்குகையைக் கண்டவுடன் திரும்பிவிடாமல், இக்கோயில் எச்சத்தையும், எதிரெதிர்ச் சுவர்களில் கிரந்தம், நாகரி ஆகிய இரு எழுத்துகளில் கல்வெட்டுள்ள அதிரணசண்ட மண்டபத்தையும் காண்பது நன்று.

கடல் திடீரென உள்வாங்கினால் அதனை வேடிக்கை பார்க்காமல் மேட்டுநிலத்திற்குச் செல்ல வேண்டும் என்பதும் அன்று கற்ற செய்தியாகும்.

கல்தச்சர்களும் கடைகளும்

மாமல்லபுரத்தின் தெருக்களில் பகல் முழுவதும் உளிச்சத்தம் கேட்கும். 1957இல் இங்குத் தொடங்கப்பட்ட அரசு கட்டட, சிற்பக்கலைப் பயிற்சி நிறுவனம் இப்போது கல்லூரியாக இயங்குகின்றது. கன்னியாகுமரித் திருவள்ளுவர் சிலையை வடிவமைத்த வை. கணபதி தபதி நீண்டகாலம் இதன் முதல்வராக இருந்தார். மாமல்லபுரம் கற்சிற்பங்கள் 2017இல் புவிசார் குறியீடு பெற்றன.

கடைகளில் விற்கும் சிறு உருவங்களில் பெரும்பாலானவை மாக்கல்லால் ஆனவை. இது நகத்தால் கீறினாலே தடம் விழும் அளவுக்கு மென்மையானது. கருங்கல் சிலை வேறு. அதன் விலையும் உழைப்பும் பன்மடங்கு. மாக்கல்லில் கருமை பூசிக் கருங்கல் என்று விற்கப்படுவதும் உண்டு என்பதால், வாங்குமுன் சிலையின் அடிப்பகுதியைப் பார்ப்பது நல்லது. நிலையான விலையை அறிய அரசின் பூம்புகார் விற்பனை நிலையம் உதவும். பேரம் பேச விரும்பாதவர் அங்கேயே வாங்கலாம். பட்டறைகளுக்கே சென்று செதுக்குவதைப் பார்ப்பதற்குப் பொதுவாகத் தடை சொல்லப்படுவதில்லை. கல்லைத் தட்டி எழும் ஓசையைக் கொண்டு ஆண்கல், பெண்கல், நபும்சகக்கல் எனப் பிரிக்கும் மரபைச் சிற்பிகள் விளக்குவர். இன்று மின்கருவிகளால் கல் அறுக்கப்படுவதால் எழும் நுண்தூசி நுரையீரலுக்குக் கேடு. வருவோர்க்கு அது சில நிமிடம். தச்சர்க்கு நாள் முழுவதும்.

விடுதிகளும் உணவகங்களும் ஒத்தவாடைத் தெருவிலும் அதனைச் சுற்றியும் நிறைந்துள்ளன. மீன் உணவு கேட்கும்போது எடையையும் விலையையும் முன்னதாகவே பேசிக்கொள்வது வழக்கம். அத்தெருவை அடுத்தே மீனவர் குடியிருப்பு உள்ளது. கரையில் உலரும் வலைகளின்மேல் நடப்பதும், கேளாமல் படகில் ஏறிப் படம் எடுப்பதும் அவர்களது தொழிலுக்கு இடையூறாகும்.

விழாக்கள்

தமிழ்நாடு சுற்றுலாத் துறை நடத்தும் நாட்டிய விழா டிசம்பர் இறுதி முதல் ஜனவரி வரை நடைபெறுகின்றது. 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை 44ஆம் சதுரங்க ஒலிம்பியாடு இங்கு நடந்தது.

இவற்றைக் காட்டிலும் பழைமையானதும் சுற்றுலாக் கையேடுகளில் அரிதாக இடம்பெறுவதும் மாசி மகத்தன்று இருளர் பழங்குடியினர் கூடும் நிகழ்வாகும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், திருவண்ணாமலை முதலிய மாவட்டங்களிலிருந்து இருளர் குடும்பங்கள் முன்னதாகவே வந்து, கடற்கரை மணலில் புடவைகளாலும் தார்ப்பாய்களாலும் கூடாரம் அமைத்துத் தங்குகின்றனர். கோபித்துக்கொண்டு கடலுக்கு வந்துவிட்ட கன்னியம்மனைத் திரும்ப அழைத்துச் செல்ல வருவதாக அவர்கள் நம்புகின்றனர். பௌர்ணமி விடியலில் மணலில் ஏழு படிகள் அமைத்து வழிபடுகின்றனர். திருமணங்களும், குழந்தைகளுக்குப் பெயரிடுதலும் மொட்டை அடித்தலும் அங்கேயே நடக்கின்றன. அன்று ஊருக்கு வரும் பயணிகள் இதனைக் காட்சிப்பொருளாகக் கருதாமல், அனுமதி கேட்டே படம் எடுக்க வேண்டும்.

சுற்றுப்புறம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் உள்ள முதலைப் பண்ணை 1976இல் உரோமுலசு விட்டேக்கர் முயற்சியால் தொடங்கப்பட்டது. இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பாம்புகளிலிருந்து நஞ்சு எடுக்கும் இடமும் இங்குள்ளது. முறிமருந்து தயாரிக்க இந்நஞ்சே பயன்படுகின்றது. பண்ணைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. இன்னும் வடக்கே முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவில் தென்னிந்திய மரபு வீடுகள் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டு மீண்டும் கட்டப்பட்டுள்ளன. அதற்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒல்லாந்தர் கோட்டையும், வேலைப்பாடுள்ள கல்லறைக் கற்களும் உள்ளன. இவ்விடத்தில் பெரும்பாலும் கூட்டம் இருப்பதில்லை.

செங்கல்பட்டு வழியே திரும்புவோர் திருக்கழுக்குன்றத்தில் இறங்கி வேதகிரீசுவரர் மலைக்கோயிலையும், ஏறும் வழியிலுள்ள பல்லவர் குடைவரையையும் காணலாம். மாமல்லபுரத்திலிருந்து இது ஏறத்தாழ 15 கிலோமீட்டர். நண்பகலில் இரண்டு கழுகுகள் வந்து உணவு உண்ணும் என்று பழைய கையேடுகளில் எழுதப்பட்டிருக்கும். மஞ்சள்முகப் பாறு இனத்தைச் சேர்ந்த அப்பறவைகள் 1990களின் இறுதியிலிருந்து வருவதில்லை.